முகமூடிக்குள் ஓர் ஏணி

மார்ச் 2, ஞாயிறு

மச்சானுக்கு,

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, மன்னித்துக்கொள். ஒரு வரி மேலே ஏறுகிறது, அடுத்த வரி கீழே சரிகிறது. நூல் பிடிக்காமல் அடித்த பார்டர் மாதிரி உன் கண்ணுக்குத் தெரியும். இரண்டு இடத்தில் பேனா தாளைக் கிழித்துவிட்டது. பிரஷ் பிடித்த கைக்குப் பேனா ரொம்ப இளைத்த பொருள். எவ்வளவு அழுத்துவது என்று பிடிபடவில்லை.

ஆமாம், நானேதான் எழுதுகிறேன். யாரும் எழுதித் தரவில்லை. போன வருஷம் குரல் கம்மியபோது பக்கத்துத் தெரு டாக்டர், பேசாமல் இருந்தால் சரியாகிவிடும் என்றார். உன் தங்கச்சி மறுநாளே சிலேட்டு வாங்கி வந்துவிட்டாள். "வாயை மூடிக்கிட்டு உக்காந்திருக்கிற உங்களை இப்பத்தான் பார்க்கிறேன். இதை விட்டா உங்களுக்கு எழுத்துச் சொல்லித்தர எனக்கு வேற நேரம் வாய்க்காது" என்றாள். எட்டு மாதம் பேசவில்லை. குரல் வரவில்லை, எழுத்து வந்துவிட்டது. அறுபத்தொன்பது வயதில் பஸ் பலகையை நானே படித்து ஏறுகிறேன். தெருவில் ஒரு கடைப் பலகையையும் படிக்காமல் விடுவதில்லை. உன் தங்கச்சிக்குத்தான் என்னோடு நடந்து கால் வலிக்கிறது.

அதற்குப் பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்து, குரல்வளையில் புற்றுநோய் என்றார்கள். இதை உனக்குச் சொல்ல உன் தங்கச்சி மூன்று முறை போன் செய்தாள். நீ "சரி, சரி, நல்லது" என்று சொல்லி வைத்துவிட்டாயாம். புற்றுநோய் என்றதற்கு "நல்லது" என்றாயாம். இருக்கட்டும்.

இப்போது கதிர் வைக்கிறார்கள். முப்பத்துமூன்று தடவை, வாரத்துக்கு ஐந்து. வலி கிடையாது. ஆனால் ஒரு முகமூடி இருக்கிறது. வெந்நீரில் இளக்கிய வலையை முகத்தில் வைத்து அழுத்தி, என் மூக்கும் தாடையும் பதிந்து ஆறியதும் எடுத்து வைத்திருக்கிறார்கள். தினமும் அதை என் முகத்தில் மாட்டி, படுத்திருக்கிற மேசையோடு பூட்டுகிறார்கள். தலை ஒரு நூல் அளவு கூட அசையாது. பிறகு எல்லோரும் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். பதினைந்து நிமிடம். கையில் ஒரு ரப்பர் பந்து. முடியவில்லை என்றால் அழுத்தலாம், மணி அடிக்கும், ஓடி வருவார்கள்.

முதல் நாள் இரண்டு நிமிடத்தில் அழுத்திவிட்டேன். இரண்டாம் நாள் மாட்டுவதற்கு முன்பே எழுந்து செருப்பைத் தேடினேன். டாக்டர் கூப்பிட்டு உட்கார வைத்தார். "இது முடியலைன்னா ஆபரேஷன்தான் பெரியவரே. குரல்வளையையே எடுத்துடணும். அப்புறம் கழுத்துல ஒரு துளை போட்டு அது வழியாத்தான் மூச்சு. எது வேணும்னு நீங்களே சொல்லுங்க" என்றார்.

புதன்கிழமை ஓர் அம்மாவிடம் அனுப்பினார்கள். பயத்தைத் தணிக்கிற வழி சொல்லித் தருகிறவர். மூச்சு அம்மா என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். கால் விரலில் தொடங்கி நெற்றி வரை ஒவ்வோர் இடமாக இறுக்கி இறுக்கி விடச் சொன்னார். இறுக்குவது எனக்கு நன்றாக வருகிறது, விடுவதுதான் வரவில்லை. பிறகு, "கண்ணை மூடிக்கிட்டு உங்களுக்குப் பிடிச்ச இடத்துக்குப் போங்க. ஒரு கடற்கரை. காத்து வருது. அலை வருது" என்றார். போனேன். போனதுமே, உப்புக் காற்றில் ஒரு வீட்டுச் சுவர் பொரிந்து நிற்பது தெரிந்தது. எவனோ பிரைமர் அடிக்காமல் ஏமாற்றியிருக்கிறான். அலையை நான் பார்க்கவே இல்லை. சரி, தோட்டம் என்றார். தோட்டத்துக் கேட்டில் துரு. அந்த அம்மா சிரித்துவிட்டார். "அப்போ வேலையே செய்யுங்க. அதுவும் ஒரு இடம்தானே?"

வியாழக்கிழமை முகமூடிக்குள் ஒரு கதவுக்குப் பெயின்ட் அடித்தேன் மச்சான். பிரஷைத் தோய்க்கும்போது மூச்சு உள்ளே. மேலிருந்து கீழே இழுக்கும்போது மூச்சு வெளியே. பதினைந்து நிமிடம் போனதே தெரியவில்லை. வெள்ளிக்கிழமையும் அதே கதவு. ஆனால் ஒன்பது நிமிடத்தில் முடிந்துவிட்டது. இரண்டாவது கோட் அடிக்கலாம் என்றால் முதல் கோட் காயவில்லை. ஈரத்தின் மேல் எப்படி அடிப்பேன்? பிரஷும் கையுமாக நின்றேன். சும்மா நின்றதும் முகமூடி ஞாபகம் வந்துவிட்டது. பந்தை அழுத்திவிட்டேன். மிச்சத்தை மறுபடி படுக்க வைத்துத்தான் முடித்தார்கள்.

இதைச் சிலேட்டில் எழுதிக் காட்டினால், "மனசுக்குள்ள அடிக்கிற பெயின்ட்டு மனசுக்குள்ளேயே காயாதா?" என்கிறாள் உன் தங்கச்சி. அவளுக்கு என்ன தெரியும்.

எனக்கு ஒரு வேலை சொல். பதினைந்து நிமிடத்தில் தீராத வேலை. நாற்பது வருஷமாக வேலை பிடித்துக் கொடுத்தது நீதானே. மாடிப்படியைப் பாதியில் விட்டுவிட்டுப் போனாயே, அதைப் பற்றி இன்றைக்கு எழுத மாட்டேன். அந்த அளவுக்குத் திட்ட எனக்கு இன்னும் எழுத்து வேகம் போதாது.

காலையில் உட்கார்ந்தேன். இப்போது விளக்கு போடுகிறார்கள்.

இப்படிக்கு,
உன் தங்கச்சி புருஷன் (இதையும் நானே எழுதினேன்)


மார்ச் 6, வியாழன்

மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. பெயின்ட் கடையில் கலர் கலந்துகொண்டிருந்தேன். பாதி படித்ததும் முதலாளியிடம் சொல்லிக்கொண்டு அறைக்கு வந்துவிட்டேன். எழுத்து எப்படி இருந்தால் என்ன, எல்லாம் புரிந்தது. கண்ணாடியைத்தான் நாலைந்து முறை துடைக்க வேண்டியிருந்தது. இந்த ஊரில் தூசி அதிகம்.

கதவை ஒன்பது நிமிடத்தில் முடித்தேன் என்று வெட்கமில்லாமல் எழுதியிருக்கிறாய். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாயா? கீல் பக்கம் அடித்தாயா? கதவின் அடிவிளிம்பு? அதை எந்த வீட்டுக்காரனும் குனிந்து பார்க்க மாட்டான் என்று எப்போதும் விட்டுவிடுவாய். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலையிலுமா ஏமாற்று?

வேலை கேட்டாயே, பிடித்துக்கொள். ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு பெண்கள் விடுதிக்கு அடித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? வார்டன் அம்மா நம் காலடித் தடத்தைத் துடைத்துக்கொண்டே பின்னால் வருவாரே, அதுதான். நாற்பத்திரண்டு ஜன்னல். ஒவ்வொன்றிலும் எட்டுக் கண்ணாடி. ஒரு நாளைக்கு ஒரு ஜன்னல் செய். முதலில் கண்ணாடியைப் பிடித்திருக்கிற பழைய பட்டியைச் சுரண்டு. புதுப் பட்டி வை. தேய். பிறகு சின்ன பிரஷ். கண்ணாடியில் ஒரு பொட்டு பெயின்ட் படக் கூடாது. பட்டால் துணியால் துடைத்துவிட்டு அந்தச் சட்டத்தை முதலிலிருந்து தொடங்கு. பதினைந்து நிமிடத்தில் நீ இரண்டு கண்ணாடியைத் தாண்டினால் நான் மொட்டை அடித்துக்கொள்கிறேன். அடித்துக்கொள்ள முடி ஏது என்று கேட்காதே.

போனைப் பற்றி எழுதியிருந்தாய். அதை விடு. என் தங்கச்சியை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். உனக்கு என்ன ஆனாலும், என்ன சொன்னார்கள் என்றாலும், எனக்கு எழுது. போன் வேண்டாம். எழுது.

அந்தப் பந்தை மட்டும் தொடாதே.

மச்சான்


மார்ச் 16, ஞாயிறு

மச்சானுக்கு,

ஜன்னல் அபாரம். உன் கடிதம் வரும் வரை அந்தக் கதவையே மெதுவாக அடித்து ஓட்டினேன். இந்த வாரம் மூன்று நாளில் ஒரு ஜன்னல்கூட முடியவில்லை. நீ சொன்னது சரி, இரண்டு கண்ணாடிக்கு மேல் போகவே முடியவில்லை. ஒரு நாள் வேண்டுமென்றே வேகமாக அடித்துப் பார்த்தேன். கண்ணாடியில் பட்டுவிட்டது. துடைத்தேன். வார்டன் அம்மா பின்னால் நின்று முறைத்தார். அவர் வருவார் என்று நான் நினைக்கவே இல்லை, தானாக வந்துவிட்டார்.

முகமூடி பூட்டுகிறவர் தினமும், "ரெடியா பெரியவரே?" என்பார். நான் கட்டை விரலைத் தூக்குவேன். மனசில் டின்னைத் திறப்பேன். கால் விரலை இறுக்கி விடுவதும் இப்போது வருகிறது. வேலைக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்போமே, அப்படி நினைத்துக்கொண்டால் கால் தானாக இளகிவிடுகிறது. இதை மூச்சு அம்மாவிடம் எழுதிக் காட்டினேன். அதை அப்படியே தன் நோட்டில் எழுதிக்கொண்டார். நான் எழுதியதை ஒருவர் பார்த்து எழுதுகிறார்! வீடு வரை சிரித்துக்கொண்டே வந்தேன்.

இவ்வளவுதான் நல்ல சேதி.

புதன்கிழமை உன் தங்கச்சி மறுபடி உனக்குப் போன் செய்தாள். "அவருக்குத் தொண்டை புண்ணாயிடுச்சு, தண்ணிகூட இறங்கலை, ஒரு தடவை வந்துட்டுப் போயேண்ணே" என்றாள். நீ, "ஆமாமா, அப்படித்தான், சரி" என்று சொல்லி வைத்துவிட்டாய். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். குழாய்ச் சத்தத்தில் எனக்குத் தெரியாது என்று நினைப்பு.

அந்தக் கோபத்தோடு வியாழக்கிழமை போய்ப் படுத்தேன். ஜன்னல் வரவில்லை. மாடிப்படிதான் வந்தது. நாலாவது மாடித் திருப்பம். நான் ஏணி மேலே. கீழே ஏணியைப் பிடிக்க யாரும் இல்லை. அன்றைக்கு நடந்த மாதிரியேதான். நான் மேலிருந்து "பிடி, பிடி" என்று கத்துகிறேன், நீ ஏணியை விட்டுவிட்டுக் குனிந்து டின்னைக் கலக்குகிறாய். ஏணி சறுக்குகிறது. அன்று கைப்பிடிக் கம்பி கிடைத்தது, தொங்கித் தப்பித்தேன். முகமூடிக்குள் கம்பி கிடைக்கவில்லை. பந்தை அழுத்தினேன். மறுபடி பூட்ட விடவில்லை. அன்று நடக்கவில்லை. வெள்ளிக்கிழமையும் நடக்கவில்லை. இதுவரை பத்துதான் முடிந்திருக்கிறது. இப்படி நாள் தவறினால் வைத்ததும் பலன் இல்லாமல் போகும் என்று டாக்டர் கோபித்துக்கொண்டார். நாளையிலிருந்து மயக்கமாக வைக்கிற ஒரு மாத்திரை தருகிறாராம், ஒரு வாரத்துக்கு மட்டும்.

இப்போது எனக்கு எழுத்து வேகம் வந்துவிட்டது, கேட்கிறேன். அன்றைக்கு நான் உன்னைத் திட்டினேன். செத்துப் பிழைத்தவன் திட்ட மாட்டானா? அதற்காக மறுநாளிலிருந்து வேலைக்கே வராமல், ஒரு வாரத்தில் ஊரையே விட்டுப் போவாயா? மிச்ச மூன்று மாடியை நான் ஒருவனாக அடித்தேன். ஏன் போனாய் என்று சொல். சொல்ல முடியாது என்றால் எனக்கு இனி ஜன்னல் வேண்டாம்.

பெயர் போட இஷ்டமில்லை.


மார்ச் 19, புதன்

மாப்பிள்ளைக்கு,

எனக்குக் காது கேட்காது.

இந்த ஒரு வரியை எழுத மூன்று தாள் வீணாயிற்று. எழுத்து தெரிந்தவனுக்கே இந்தப் பாடு.

மாடிப்படி வேலைக்கு ஒரு வருஷம் முன்பே போக ஆரம்பித்துவிட்டது. நீ எதிரே நின்று பேசினால் உன் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். நாற்பது வருஷமாகப் பார்த்த வாய், அதில் என்ன வரும் என்று தெரியாதா? ஏணி மேலே ஏறினால் உன் முதுகுதான் தெரியும். அன்றைக்கு நீ "பிடி" என்றது எனக்குக் கேட்கவில்லை. ஏணி தரையில் உரசியது காலில் தெரிந்துதான் நிமிர்ந்தேன். நீ தொங்கிக்கொண்டிருந்தாய். இறங்கி வந்து முகத்துக்கு நேரே என்னவெல்லாமோ திட்டினாய். எல்லாம் புரியவில்லை. ஒன்று மட்டும் புரிந்தது. "காது செவிடாடா உனக்கு?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ என்ன செய்வாய் என்று தெரியும். என்னைக் கீழே சும்மா உட்கார வைத்துவிட்டு, உன் கூலியில் பாதியைப் பிரித்துக் கொடுப்பாய். சொல்லாமல் இருந்தால் அடுத்த முறை கம்பி கிடைக்காது. என் தங்கச்சிக்கு நான் என்ன பதில் சொல்வேன்? அதனால் போய்விட்டேன். இங்கே கடையில் அட்டையைக் காட்டுவார்கள், கலந்து கொடுப்பேன். காதுக்கு வேலை இல்லை.

போனில் அவள் குரல் ஒரு வண்டு மாதிரி கேட்கும். அவள்தான் என்று தெரியும். என்ன சொல்கிறாள் என்று தெரியாது. அதனால் எல்லாவற்றுக்கும் "சரி", "நல்லது". உனக்கு வந்திருக்கிற நோய் எனக்கு உன் கடிதத்தில்தான் தெரிந்தது, மாப்பிள்ளை. அவளிடம் இதைப் படித்துக் காட்டு. உனக்குக் குரல் இல்லையே. அவள் கையில் கொடு.

இப்போது வேலைக்கு வருவோம். திங்கட்கிழமை ஜன்னலுக்குப் போகாதே. நேராக அந்த நாலாவது மாடித் திருப்பத்துக்கே போ. கண்ணை மூடியதும் முதலில் கீழே பார். நான் நிற்பேன். ஒரு கால் கடைசிப் படியில், இரண்டு கையும் ஏணியில். டின்னை நான் தொட மாட்டேன். நீ "பிடி" என்றால் அங்கே எனக்குக் கேட்கும். அங்கே என் காது நன்றாக இருக்கிறது. அவசரமில்லாமல் அடி.

மச்சான்


மார்ச் 30, ஞாயிறு

அட செவிட்டு மச்சானே,

கடிதத்தை உன் தங்கச்சி கையில் கொடுத்தேன். படித்தாள். முதலில் சிரித்தாள். "நான் கேன்சர்னு சொன்னேன், அண்ணன் நல்லதுன்னுச்சு. ஒரு மாசமா அதை நினைச்சு நினைச்சு எனக்குச் சோறு இறங்கலை. பாவி மனுஷன்!" என்றாள். பிறகு குழாயைத் திறக்காமலே அழுதாள். இனி உனக்குத் தனியாகக் கடிதம் எழுதுவாளாம். அவள் எழுத்து உருண்டையாக இருக்கும், என்னுடையதோடு ஒப்பிடாதே.

உன்னிடம் எனக்குக் கோபம் போகவில்லை. கூலியில் பாதி கொடுப்பேன் என்று எழுதியிருக்கிறாய். கொடுத்திருப்பேன். அதில் உனக்கு என்ன கௌரவக் குறைச்சல்? அப்புறம், நாற்பது வருஷத்தில் உன்னை எத்தனை முறை செவிடா, குருடா என்று கேட்டிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் அது உண்மையாக இருந்து தொலைத்திருக்கிறது. தெரிந்திருந்தால் என் நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பேன். நாக்கைக் கடிக்காத பாவம்தான் தொண்டையில் வந்ததோ என்று எழுதிக் காட்டினேன். உன் தங்கச்சி சிலேட்டைப் பிடுங்கி அழித்துவிட்டாள்.

மாத்திரை போட்ட வாரத்தில் ஐந்து தடவை முடிந்தது. பாதித் தூக்கம், வேலையும் இல்லை, பயமும் இல்லை. எனக்குப் பிடிக்கவில்லை. இந்தத் திங்கட்கிழமை மாத்திரை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். பூட்டினார்கள். கதவைச் சாத்தினார்கள். நாலாவது மாடிக்குப் போனேன். ஏறுவதற்கு முன்னால் கீழே பார்த்தேன்.

நின்றாய். அழுக்கு லுங்கி, தலையில் துண்டு. தோய்த்தேன், மூச்சை இழுத்தேன். சுவரில் இழுத்தேன், மூச்சை விட்டேன். நடுவில் ஒரு முறை வேண்டுமென்றே "பிடி" என்றேன். "பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன், வேலையைப் பாருடா" என்றாய். அங்கே உனக்குக் காது கேட்பது சரி, வாயும் ரொம்பத்தான் நீளுகிறது. "அந்த மூலை விட்டுப்போச்சு, இந்த ஓரம் வழியுது" என்று ஓயாத நச்சரிப்பு. ஐந்து நாளும் பந்தை அழுத்தவில்லை. இதோடு இருபது.

மூச்சு அம்மா, "இப்போ என்ன கற்பனை பண்றீங்க?" என்று கேட்டார். சிலேட்டில் "மச்சான்" என்று எழுதினேன். "எல்லாரும் மலை, கடல்னு சொல்வாங்க. மச்சானைச் சொன்னது நீங்க ஒருத்தர்தான்" என்றார்.

கழுத்துத் தோல் கறுத்து உரிகிறது. நீர்க்கக் கரைத்த கஞ்சிதான் உள்ளே போகிறது, அதுவும் மிளகாயை விழுங்குவது போல. இன்னும் பதின்மூன்று இருக்கிறது. அடிக்க இன்னும் மூன்று மாடி இருக்கிறது. பார்க்கலாம்.

உன் தங்கச்சி புருஷன்


ஏப்ரல் 4, வெள்ளி

மாப்பிள்ளைக்கு,

என் தங்கச்சி கடிதம் எட்டுப் பக்கம் வந்தது. ஏழரைப் பக்கம் எனக்குத் திட்டு. நிம்மதியாக இருந்தது.

முதலாளியிடம் லீவு சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை, பதின்மூன்றாம் தேதி மதியம் வருகிறேன். கடைசி மூன்று நாளும் ஆஸ்பத்திரிக்குக் கூட வருவேன். ஸ்டேஷனுக்கு வராதே, தூசி உனக்கு ஆகாது. வந்து கதவைத் தட்டுவேன். நீ "யாரு" என்று கேட்கவும் முடியாது, கேட்டாலும் எனக்குத் தெரியாது. அதனால் என் தங்கச்சியைத் திறக்கச் சொல்.

மச்சான்


ஏப்ரல் 20, ஞாயிறு

மச்சானுக்கு,

நீ போய் இரண்டு நாள் ஆகிறது. சுவர் ஓரம் நீ படுத்திருந்த பாயை உன் தங்கச்சி இன்னும் மடிக்கவில்லை.

ஐந்து நாள் நாம் இருவரும் ஒரே சிலேட்டைப் பிடுங்கிப் பிடுங்கி எழுதிக்கொண்டதை அவள் பக்கத்து வீடுகளில் எல்லாம் சொல்லிவிட்டாள். "ஒண்ணு பேசாது, ஒண்ணு கேட்காது. ஆனா வீட்டுல ஒரே சண்டை" என்றாளாம். உன் பையில் காது கேட்க வைக்கிற மிஷின் ஒன்று போடாமலே கிடந்ததை நான் பார்த்தேன். விசில் அடிக்கிறது என்று சாக்குச் சொல்லாதே. போட்டுப் பழகு. நான் வலையை முகத்தில் போட்டுப் பழகவில்லையா?

கடைசி நாளைப் பற்றி உன்னிடம் சொல்லவில்லை. சிலேட்டில் அடங்காது என்று வைத்திருந்தேன்.

புதன்கிழமை என்னை உள்ளே கூட்டிப்போனபோது நீ வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து, வெறும் சுவரை முறைத்துக்கொண்டிருந்தாய். பூட்டினார்கள். கண்ணை மூடினேன். மாடிப்படி வந்தது. கீழே பார்த்தேன், நீ இல்லை. பயம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. நீ வெளியே உண்மையாக உட்கார்ந்திருக்கும்போது உள்ளே எப்படி நிற்பாய்? அது நியாயம்தானே. அதனால் ஏணியில் ஏறவில்லை. பிரஷ்களை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். ஒவ்வொன்றாகக் கழுவினேன். முதலில் தண்ணீர் பால் மாதிரி போயிற்று. தேய்க்கத் தேய்க்கத் தெளிந்தது. கடைசிப் பிரஷைப் பிழிந்து உதறினேன். எப்போது தூங்கினேன் என்று தெரியாது. "பெரியவரே, எழுந்திரிங்க, முப்பத்துமூணும் முடிஞ்சுது" என்று எழுப்பித்தான் பூட்டைக் கழற்றினார்கள். வெளியே வந்தபோது என் கன்னத்தில் வலைத் தடம் இருந்தது, நீ விரலால் தொட்டுப் பார்த்தாய்.

வெள்ளிக்கிழமை உன்னை ரயில் ஏற்றிவிட்டு டாக்டரிடம் போனோம். வீக்கம் வடிந்திருக்கிறது என்றார். ஆனால் கட்டி முழுக்கப் போயிற்றா என்று இப்போது தெரியாதாம். இரண்டு மாதம் கழித்துப் படம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். குரலைப் பற்றிக் கேட்டேன். "வரலாம். வந்தாலும் பழைய மாதிரி இருக்காது, கரகரப்பா இருக்கும். வராமலும் போகலாம்" என்றார். உன் தங்கச்சியின் முகம் வாடிவிட்டது. நான் யோசித்துப் பார்த்தேன். வந்தாலும் உனக்குக் கேட்காது. வராவிட்டாலும் உனக்குக் கேட்காது. உன்னைப் பொறுத்தவரை எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்று எழுதிக் காட்டினேன். அழுதுகொண்டே தலையில் ஒரு குட்டு வைத்தாள். தலையில் வலி இல்லை, பரவாயில்லை.

எனக்குப் பயம் இல்லை என்று எழுத மாட்டேன். முகமூடிக்குப் பதினைந்து நிமிடம் தாங்கினால் போதும், யாராவது வந்து பூட்டைக் கழற்றுவார்கள். இந்த இரண்டு மாதத்தை யார் வந்து கழற்றுவது? நேற்று சாயங்காலம் காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு நானே படித்து எண்ணிப் பார்த்தேன். இன்றையதை விட்டால் எட்டு ஞாயிறு இருக்கிறது. ஒரு கடிதம் எழுத எனக்கு ஒரு ஞாயிறு முழுக்க ஆகிறது.

ஆக, எட்டுக் கடிதம். முதலாவதை வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்குகிறேன்.

உன் மாப்பிள்ளை